பின்னேரக் கூலி

தேர்ஸ்டன் வீதியில், மூன்றாம் மாடிக்கும் மேலே,
வலையும் தகரமும் போட்ட கூடாரத்தில்
நூற்றிருபது சாடிகளில் பருத்தி.
கொழும்பில் பருத்தி எதற்கு என்று
லிஃப்ட் திருத்த வந்தவரும் கேட்டார்.
பஞ்சுக்கல்ல, அளக்க என்றேன்.
அவருக்கு அது பதிலாகப் படவில்லை.

போன போகம் வரைக்கும்
பின்னேரம் நாலரைக்கு மெட்டில்டா வந்துவிடுவாள்,
கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் மாறி.
நாளை விரியப்போகும் மொட்டு எதுவென்று
பார்த்ததும் தெரியும் அவளுக்கு.
வலது பெருவிரல் நகத்தை வெட்டுவதே இல்லை.
மொட்டின் அடியில் நகத்தை இறக்கி
ஒரு சுற்று.
இதழும் மகரந்தக்கூடுகளும் ஒன்றாய்க் கழன்று
குழந்தையின் சட்டைபோல் கையோடு வரும்.
சூல்தண்டு மட்டும் நிற்கும்
சிவப்புக் கடதாசித் தொப்பி போட்டுக்கொண்டு
இரவு முழுக்க.
காலையில் மறுபடி வந்து
அடுத்த வரிசைப் பூவைக் கவிழ்த்துத் தடவுவாள்.
பின்னேரம் களைதல், காலை சேர்த்தல்,
பதிவேட்டில் இரண்டு கையெழுத்து,
ஒரு நாள் கூலி.

இந்தப் போகம் வந்த விதை வேறு.
எங்கோ வறண்ட மலைச்சரிவில் நின்ற காட்டினத்தின்
குழியவுருவுக்குள்
நாட்டுப் பருத்தியின் கருவைக் குடிவைத்தது.
கரு ஒரு பாஷை, இழைமணி ஒரு பாஷை.
மகரந்தம் திரளும் வேளையில்
ஒன்று சொல்வது மற்றதற்கு விளங்குவதில்லை.
கூடுகள் சுருங்கிக் கபிலமாகி
அரிசித் தவிடுபோல் உதிர்கின்றன.
தாய் வழியே மட்டும் இறங்கும் இது.
மீட்கும் பரம்பரையலகு ஒன்றைத்
தகப்பன் கொண்டுவந்தால் பிள்ளை தப்பும்.

ஆண்மலடு என்கிறது பாடநூல்.
மலடி என்று ஏசுவதைப் பல ஒழுங்கைகளில் கேட்டிருக்கிறேன்.
ஆணை அப்படி ஏசி
ஒரு கதவும் அறைந்து சாத்தப்பட்டதாய் ஞாபகமில்லை.

அளந்தேன்.
இதழ் நாலு மில்லிமீற்றர் குட்டை.
கூட்டைத் தாங்கும் இழை பாதிகூட இல்லை.
காய் செடிக்கு இரண்டு குறைவு,
உள்ளே விதையும் சற்றே குறைவு.
நாரின் நீளத்தில் பெரிதாய் வித்தியாசமில்லை.
குழியவுருதான் காரணமா, மாடி வெயிலா,
கொள்ளுப்பிட்டிப் பக்கமிருந்து வரும் உப்புக் காற்றா?
அதற்குத்தான் அதே கருவோடு
சொந்தக் குழியவுருவில் வளரும் சகோதர வரிசை
பக்கத்திலேயே நிற்கிறது.
அது மஞ்சளாய்த் தூள் கொட்டுகிறது, வெட்கமில்லாமல்.

பேராசிரியர் சந்தோஷமாகத்தான் சொன்னார்:
களைகிற செலவு இனி இல்லை.
ஆனால் மூன்றாம் மாடிக்குத் தேனீ ஏறி வராது,
பருத்தியின் மகரந்தம் காற்றில் போகாத பாரம்.
ஆகவே காலைக்கு ஆள் வேண்டும்.
பின்னேரத்துக்கு வேண்டாம்.

மெட்டில்டாவுக்கு அதை நான்தான் சொன்னேன்.
சரி மிஸ் என்றாள்.
கொஞ்சம் கழித்து,
மட்டக்குளி பஸ்ஸுக்கு இரண்டு பக்கமும் அதே காசுதானே என்றாள்.

என் அட்டவணையில் பதினேழு நிரல்கள்.
பதினெட்டாவதாக ஒன்றைக் கோடிட்டு
தலைப்பு எழுதாமல் விட்டிருக்கிறேன்.

சித்திரை வெயிலில் கூடாரம் முப்பத்தேழைத் தொட்டது.
அந்த வாரம் ஒரு காலை
இருபத்து மூன்றாம் சாடியிலிருந்து கூப்பிட்டாள்.
மிஸ், இதுல தூள் இருக்கு.
நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனேன்.
சூட்டில் மலடு நெகிழ்ந்திருந்தது;
வாடிய கூடுகளுக்கு நடுவே மூன்று மட்டும்
பருத்து, வெடித்து, மஞ்சளாய்.
நிழற்படம் எடுக்கட்டும் என்று சொல்ல வாய் திறந்தேன்.
அதற்குள் நகம் இறங்கிவிட்டது.
ஒரு சுற்று.

உள்ளங்கையில் பூவின் சட்டையை ஏந்தி
சிரிக்காமல் கேட்டாள்:
இத எந்தக் கணக்குல போடுவீங்க மிஸ்,
காலையா, பின்னேரமா?